எலிகளுக்கு நோன்பு

09.01.1995, திங்கள்

சமாதானம் வந்துவிட்டதாம். பஸ்ஸில் எல்லாரும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். சித்தாண்டியிலிருந்து டவுனுக்கு வருவதற்குள், வழக்கமாக இறங்குகிற இடங்களில் எல்லாம் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, திரும்ப ஏறினோம். ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு பையைக் கிண்டுகிறான் என்பதுதான் வித்தியாசம். இதற்கா இவ்வளவு சந்தோசம்?

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வெள்ளெலிகள் நலம். நலம் என்றால், அலொக்சான் ஊசி போட்டு இன்சுலின் சுரக்கிற அவற்றின் சதையியை நான் கெடுத்துவிட்டேன், எல்லாம் சீனி வருத்தக்காரர் ஆகிவிட்டன என்று அர்த்தம். ஓயாமல் தண்ணீர் குடிக்கின்றன. ஓயாமல் கூட்டை நனைக்கின்றன. அன்னப்பூரணி என்று எனக்குப் பேர் வைத்த அப்பா இருந்திருந்தால், மகள் ஊருக்கெல்லாம் அன்னம் போடுவாள் என்று நினைத்திருப்பார். மகள் எலிகளின் சாப்பாட்டைப் பறித்து, ஈரலை எடுத்துப் பார்க்கிறாள்.

இன்று முகைதீன்பாவாக் காக்காவோடு ஒரு சின்ன வழக்கு. எலிக்கூட்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஏறாவூர் முஸ்லிம். வயதில் மூத்தவர், அதனால் எங்களுக்கு காக்கா. தீன் போடுவது, மரத்தூள் மாற்றுவது எல்லாம் அவர். படுக்கையும் எலிகளுக்குப் பக்கத்து அறையில்தான். நாளைக்கு ஈரல் எடுக்கப்போகிற கூட்டில் 'பட்டினி' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பட்டினி எண்டு எழுதாதீங்க புள்ள. உசிருள்ளதுக்கு அந்தச் சொல்லு ஆகா."

"ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு குடுக்கப்படாது காக்கா. வேற என்னெண்டு எழுதிற?"

"நான் பட்டினி கிடந்தவன், சொல்றன். நோன்பு எண்டு எழுதுங்க. அது மரியாதையான சொல்லு."

எலிக்கு மரியாதை. அட்டையை நான் மாற்றவில்லை.

14.01.1995, சனி

பொங்கல். பொங்கினோம். அம்மா எனக்கு ஊட்டாத குறையாகப் போட்டாள். மத்தியானம் தானும் சாப்பிட்டாள். இரவுக்கு வழமைபோல ஒன்றுமில்லை.

தம்பி துரையைத் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அன்றிரவு அவனுக்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது. அன்று அம்மா வைத்த நேர்த்திதான்: அவன் வந்து சாப்பிடும் வரைக்கும் அம்மாவுக்கும் இராச்சோறு இல்லை. முருகன் கோயிலில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

அம்மாவுக்கும் சீனி வருத்தம். சீனியைக் குறைக்கக் குளிசை போடுகிறாள். கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார், குளிசையைப் போட்டுவிட்டு இராவைக்கு வெறும் வயிற்றோடு படுத்தால் ஒருநாள் எழும்பமாட்டீர்கள் என்று. "எழும்பாட்டி அவனைப் பாப்பன்" என்று அம்மா பதில் சொன்னாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அம்மாவின் உடம்புக்குள் நடப்பது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதானே என் படிப்பு. சாப்பாட்டில் மிஞ்சிய சீனியை உடம்பு மாச்சத்தாக்கி ஈரலில் கட்டி வைக்கிறது. கிளைக்கோசன் என்று பேர். நெல்லைச் சாக்கில் கட்டி மூலையில் அடுக்குவது போல. கட்டி வைக்கச் சொல்வது இன்சுலின். பசியும் பயமும் வந்தால் அதிரினலின் என்ற ஓமோன் ஓடி வந்து சாக்கை அவிழ்த்து இறைக்கிறது. அம்மாவின் சாக்கு வெறும் சாக்கு. இரவில் கை நடுங்கி வேர்க்கிறபோது, அந்த ஓமோன் வெறும் சாக்கை உதறிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் படித்து என்ன? ஒரு பிடி சோறு தின்னவைக்கத் தெரியவில்லை.

20.01.1995, வெள்ளி

முதல் தொகுதி முடிந்தது. ஈரல் துண்டைப் பொற்றாசுக் கரைசலில் அவித்து, மதுசாரம் ஊற்றினால், சேமிப்பு இருந்தால் குழாயின் அடியில் மாவு போல வெள்ளையாகப் படியும். ஒன்றும் படியவில்லை. சீனி வருத்தம், அதோடு பட்டினி. ஈரலில் துடைத்துவிட்டது போல ஒன்றுமில்லை. எதிர்பார்த்ததுதான்.

27.01.1995, வெள்ளி

பேராசிரியர் வினாயகமூர்த்தி சேர் கூப்பிட்டு இருத்திப் பேசினார். பிஸ்கட்டும் தந்தார். பிஸ்கட் தந்தாலே பயம்.

இங்கிலாந்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இதே வேலையைச் செய்கிறார். புரட்டாசியில் ஓரிடம் இருக்கிறது. "கோட்டிசோன் தொகுதியில் நல்ல முடிவு ஒண்டு வந்தா, உம்மை அனுப்பலாம்" என்றார். கோட்டிசோனும் ஓமோன்தான். பட்டினி கிடக்கும் விலங்கிலும் அது ஈரலை நிரப்பப் பார்க்கும். எப்படி? தன் தசையைத் தானே கரைத்து. இந்த நாட்டுக்கு யாரோ அந்த ஊசியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

போகவேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இல்லை. முப்பத்துநாலு வயதாகிறது. வராத ஒருவனுக்காகக் கதவைச் சாத்தாமல் படுக்கிற அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அடுத்த வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்கா அம்மாவைப் பார்ப்பாள். பார்க்கட்டும்.

01.02.1995, புதன்

கோட்டிசோன் ஊசி தொடங்கியாயிற்று. இந்தத் தொகுதியோடு ஊசி போடாத எலிகளையும் சேர்த்து வைக்கவேண்டும் என்று கேட்டேன். ஒப்பிட ஆள் வேண்டாமா? "தை மாதத்து எலிகள் இருக்குத்தானே, அதோட ஒப்பிடும். எலி எங்க கிடக்கு இங்க?" என்றார் சேர். எலிக்குத்தான் தட்டுப்பாடாம் இந்த ஊரில்.

நோன்புப் பிறை கண்டுவிட்டார்களாம். பாவாக் காக்கா வாசலில் நின்று வாவிப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகமாக இருந்தார். எனக்கு என்ன வந்ததோ, நாளைக்கு உள்ள கூட்டுக்கு அட்டை எழுதும்போது 'நோன்பு' என்று எழுதினேன். அவரிடம் காட்டினேன்.

"சந்தோசம் புள்ள" என்றார். அட்டையை வாங்கித் தானே கட்டினார்.

08.02.1995, புதன்

வெள்ளை படிந்தது. ஒரு குழாயில் அல்ல, எல்லாக் குழாயிலும்! கண்ணை நம்பமுடியாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாத, சீனி வருத்தம் முற்றிய எலி. அதன் ஈரலில் இவ்வளவு சேமிப்பு. கோட்டிசோன் நிரப்பும் என்று தெரியும், இவ்வளவு நிரப்பும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாவாக் காக்காவிடம் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் சந்தோசப்பட்டார். "நோன்பின்ட பறக்கத்து" என்றார். பறக்கத்து என்றால் அருள். "நானும் எலியளும் ஒண்டாப் புடிச்சி ஒண்டாத் திறக்கிறம் புள்ள." சிரித்துவிட்டேன். கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

09.02.1995, வியாழன்

இங்கிலாந்தில் புரட்டாசியில் குளிர் தொடங்கிவிடுமாம். கம்பளிச் சட்டை யாரிடம் கேட்கலாம்?

14.02.1995, செவ்வாய்

சேர் இங்கிலாந்துக்கு ஃபாக்ஸ் அனுப்பிவிட்டார். முடிவுகள், வரைபடம், எல்லாம். என் பேர் இரண்டாவதாக இருக்கிறது. நான் ஊசி போட்டேன், நான் ஈரல் எடுத்தேன், நான் அவித்தேன். அவர் பிஸ்கட் தின்றார். அவர் பேர் முதலாவது.

பரவாயில்லை. பிளேனில் ஏறுகிறது இரண்டாவது பேர்தானே.

ஊசி போடாத எலிகளை ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று திரும்பவும் கேட்டேன். "வந்த சீதேவியை ஏன் காலால தள்ளுறீர்?" என்றார்.

17.02.1995, வெள்ளி

நோன்புக் கூட்டின் மரத்தூளுக்குள் ஒரு பேரீச்சங்கொட்டை கிடந்தது.

பாவாக் காக்காவின் சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கும். அவர் நோன்பு திறக்கிறது எலிகளின் அறையில்தானே. எலி அதைக் கொறித்திருந்தது. எலி கொட்டையைக் கொறிக்காமல் வேறென்ன செய்யும்?

18.02.1995, சனி

அது கூட்டுக்குள் எப்படி விழும்? கூட்டுக்கு மூடி இருக்கிறது.

23.02.1995, வியாழன்

சேருக்குச் சொல்லாமல் செய்தேன். ஊசி போடாத எலிகள், கோட்டிசோனின் வாசமே படாதவை. அதே கூடு, அதே 'நோன்பு' அட்டை. இன்று ஈரல் எடுத்தேன்.

எல்லாக் குழாயிலும் வெள்ளை.

கோட்டிசோனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேரீச்சம்பழம். அதிலே இருக்கிற பழச்சீனி இன்சுலின் இல்லாமலே ஈரலுக்குள் போய்ச் சேமிப்பாகிவிடும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன்! நான்தான்!

25.02.1995, சனி

கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, அல்லது வேறு விதமாகக் கேட்டிருக்கவேண்டும். என்ன நடந்தது என்று அப்படியே எழுதிவைக்கிறேன்.

நான்: "காக்கா, நோன்பு எண்டு அட்டை போட்ட கூட்டுக்கு நீங்க சாப்பாடு குடுத்தயளா?"

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவேயில்லை. "ஓம் புள்ள, மஃரிபுக்குத்தான், பொழுதுபட்ட பொறகு. அதுக்கு முதல் ஒரு பருக்கை போடல்ல. பேரீச்சம்பழமும் கொஞ்சம் கஞ்சியும்."

"சாப்பாடு குடுக்கப்படாது எண்டு எத்தனை தரம் சொன்ன நான்?"

"பட்டினி எண்டு எழுதி வெச்ச நேரம் ஒண்டுமே குடுக்கல்லயே. பொறகு நோன்பு எண்டு நீங்கதானே எழுதின. நோன்பெண்டா திறக்கணும். திறக்கிற நேரம் ஒண்டு இரிந்தாத்தான் அது நோன்பு. இல்லாட்டி அது பட்டினிதானே." பிறகு குரலைத் தாழ்த்தி, "தனிய இருந்து திறந்தா தொண்டைக்குள்ள இறங்குதில்ல புள்ள. அதுகளும் நோன்பு எண்டு எழுதிக் கிடந்திச்சி. சேர்ந்து திறந்தம்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும். எனக்குக் கண்ணுக்குள் இங்கிலாந்துதான் நின்றது. புரட்டாசி, குளிர், பூட்டக்கூடிய ஒரு கதவு, எல்லாம் பேரீச்சங்கொட்டையோடு போச்சு. சொன்னேன்:

"உங்கட ஆக்களை நம்பி ஒரு வேலை குடுத்தா இப்பிடித்தான்."

எலிகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, திரும்பப் போட்டார்.

"எங்கட ஆக்கள் எண்டு எனக்கு யாரு இரிக்கா, மிஸ்" என்றார்.

புள்ள இல்லை. மிஸ்.

அவருடைய மனைவியும் மகளும் தொண்ணூறில் செத்தார்கள். துரையைக் கொண்டுபோன அதே ஆவணியில். அந்த வீட்டுக்குத் துவக்கோடு வந்து சுட்டவர்கள் பேசியது தமிழ் என்று ஒருதரம், ஒரேயொரு தரம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஒரு தமிழ்ப் பெட்டையைப் புள்ள என்று கூப்பிட்டவர். அதைத்தான் நான் இன்று வாயால் கெடுத்துக்கொண்டேன்.

27.02.1995, திங்கள்

சேரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு, உங்களுக்கு, பாவாக் காக்காவுக்கு."

"அவரை நிப்பாட்டுவம். கூலி ஆள்தானே. நீர் வாயைத் திறக்காதையும். கோட்டிசோன் ஈரலை நிரப்பும் எண்டது பொய்யில்லையே? அளவுதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

அளவுதான் கொஞ்சம் கூடிப்போச்சு. நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டினது நான்தான். வேறு யாரும் என் தலையைப் பிடித்து ஆட்டவில்லை.

06.03.1995, திங்கள்

பெருநாள் முடிந்தது. போன வருடம் பெருநாளுக்கு அடுத்த நாள் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் தின்று முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றவர்.

இன்று எலிக்கூட்டில் புது ஆள். பாவாக் காக்காவின் பாய் சுருட்டி இருந்த மூலையில் இப்போது தீன் மூட்டை கிடக்கிறது. எப்போது போனார் என்று கேட்டேன். வெள்ளிக்கு முதலே என்றார்கள். பெருநாளுக்கு முதலே நிறுத்தியிருக்கிறார் சேர். நல்ல மனுசன்.

11.03.1995, சனி

இரண்டு சங்கதி. நல்லதை முதலில் எழுதுகிறேன்: இங்கிலாந்திலிருந்து பதில் வந்துவிட்டது. புரட்டாசியில் வரலாமாம். முழுக் கட்டுரையை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள்.

மற்றது: நேற்றுப் பொழுதுபட அம்மா விழுந்துவிட்டாள். விளக்கு ஏற்றப்போனவள் விளக்கடியிலேயே. உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர்ந்து கிடந்தது. நான் டவுனில். சீதேவிப்பிள்ளை அக்காதான் ஓடிவந்து சீனித்தண்ணி பருக்கியிருக்கிறாள். நான் வந்தபோது அம்மா எழும்பி இருந்தாள். முதல் கேள்வி, "துரையும் உன்னோட வந்தவனா மனே?"

இல்லை அம்மா. நான்தான் வந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நான்தான் வருகிறேன். அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதேயில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

21.03.1995, செவ்வாய்

கோட்டிசோன் தொகுதியைத் திரும்பச் செய்தேன். இந்தமுறை ஊசி போட்டவை, போடாதவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். கூட்டை நானே பூட்டினேன், திறப்பை என்னோடேயே வைத்திருந்தேன். அட்டையில் 'பட்டினி'.

ஊசி போட்டவற்றில் குழாயின் அடியில் கொஞ்சம் வெள்ளை. மற்றவற்றில் இல்லை. ஆக, கோட்டிசோன் ஈரலை நிரப்புவது உண்மைதான். பழைய புத்தகங்களில் உள்ள அளவுக்கு நிரப்புகிறது. அவ்வளவுதான். அதற்கு யாரும் இங்கிலாந்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

அந்த எலிகள் மெலிந்து, முள்ளந்தண்டு தெரிகிறது. தசையைக் கரைத்துத்தான் அந்தக் கொஞ்ச வெள்ளை.

30.03.1995, வியாழன்

முழுக் கட்டுரையையும் என்னையே எழுதச் சொன்னார் சேர். அறிமுகம் எழுதினேன். முடிவுகளும் எழுதினேன், பழைய பொய்யை அப்படியே, வரைபடத்தோடு. தடங்கல் இல்லாமல் வந்தது. பிறகு செய்முறைக்கு வந்தேன். அங்கே ஒரு வசனம் எழுதவேண்டும், இத்துறையில் எழுதுகிற எல்லாரும் எழுதுகிற வசனம்: விலங்குகள் ஒரு நாள் பட்டினி போடப்பட்டன.

எழுத வரவில்லை. 'விலங்குகள் ஒரு நாள்' வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் அந்தச் சொல்லை எழுதப்போனால் அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் பட்டினி கிடந்தவன், சொல்றன்.

கடைசியில் எழுதினேன்: விலங்குகள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை நோன்பிருந்தன. பொழுதுபட்டதும் பேரீச்சம்பழமும் அரிசிக் கஞ்சியும் அவற்றுக்குக் கொடுக்கப்பட்டன. அட்டையில் பிழையான சொல்லை எழுதியவள் நான். எலிகளைப் பராமரித்த ஆள் பிழை செய்யவில்லை.

அதற்குக் கீழே பங்குனித் தொகுதியின் உண்மையான, சின்ன முடிவையும் சேர்த்தேன். இங்கிலீசில் அடித்து, கடையில் கொண்டுபோய் ஃபாக்ஸ் போட்டேன். கடைக்காரன், "வெளிநாட்டு விசயமா மிஸ், நல்லபடி முடியட்டும்" என்றான்.

நல்லவளாகவேண்டும் என்று அனுப்பவில்லை. அப்படி யாரும் நினைக்கவேண்டாம். அந்த ஒரு சொல்லை எழுத முடியாமல் போனது, அவ்வளவுதான். எழுத முடிந்திருந்தால் நான் பேசாமல் பிளேன் ஏறியிருப்பேன்.

07.04.1995, வெள்ளி

பதில் மரியாதையாக இருந்தது. வெள்ளைக்காரனின் மரியாதை. என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். நாட்டு நிலைமை சீராகி, விலங்குகளை நம்பிக்கையாகப் பராமரிக்கும் வசதி வந்த பிறகு திரும்ப விண்ணப்பிக்கலாமாம். நாட்டு நிலைமை சீரான பிறகு நான் ஏன் போகவேண்டும்?

சேர் இன்று பிஸ்கட் தரவில்லை. "உம்மட காலில நீரே வெட்டினீர், சரி. என்ர காலையும் ஏன் வெட்டினீர்?" என்றார். அவருடைய காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழும்பில் ஒரு இடத்துக்குப் பேசிவிட்டாராம், சித்திரையோடு போகிறார்.

பாவாக் காக்காவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "ஆர் அது?" என்றார். நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டார்.

12.04.1995, புதன்

வரும் வழியில் ஏறாவூரில் இறங்கினேன். பாவாக் காக்கா விறகுக் கடை ஒன்றில் கொள்ளி பிளந்துகொண்டிருந்தார். எலிக்குப் பேரீச்சம்பழம் பிய்த்துப் போட்ட கை.

சொல்லவேண்டியதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். வாய்க்கு வந்தது ஒன்றுதான். "காக்கா, அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது."

"அது போகட்டும் மிஸ்."

"எழுதி அனுப்பிட்டன். பிழை என்னுடையது எண்டு."

"சரி மிஸ்."

கோடரியைச் சாத்திவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். தான் குடிக்கவில்லை. எலிகளை மட்டும் விசாரித்தார். "தண்ணி நிறையக் குடிக்கும் அதுகள். புது ஆளுக்குத் தெரியுமோ என்னமோ." தெரியும் என்று பொய் சொன்னேன். பஸ் வந்தது. ஏறின பிறகு திரும்பிப் பார்த்தேன். அவர் விறகு பிளக்கத் தொடங்கிவிட்டார்.

தேத்தண்ணியில் சீனி அளவாக இருந்தது. மிஸ் என்ற சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

20.04.1995, வியாழன்

சண்டை தொடங்கிவிட்டது. பஸ் இல்லை.

05.05.1995, வெள்ளி

இன்றைக்குத்தான் டவுனுக்குப் போய்வந்த ஒருவர் மூலம் சங்கதி தெரிந்தது. சேர் கொழும்பு போய்விட்டார். எலிக்கூட்டுப் புது ஆள் சண்டை தொடங்கின அன்றே ஓடிவிட்டான். ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்று தெரியாது. வாசம் வந்த பிறகுதான் ஜன்னலை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். எலி ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீரும் இல்லாமல் கிடந்திருக்கின்றன.

கூடுகளில் நான் தொங்கவிட்ட அட்டைகள் அப்படியே இருந்தனவாம். பட்டினி என்று. எழுதினது சரியாகிவிட்டது.

பொழுதுபடும் நேரம் அம்மா விளக்கு ஏற்றிவிட்டு வந்து வாசலைப் பார்த்துக்கொண்டு குந்தினாள். கை நடுங்கியதைக் கண்டேன். உள்ளே போய் ஒரு கோப்பையில் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன்.

"நோன்பு திறக்கிற நேரம் அம்மா."

"நமக்கு ஏதுகா நோன்பு?"

"அஞ்சு வருசமாப் புடிக்கிறயளே."

"அது நேத்தி. அவன் வந்த பிறகு முடிப்பன்."

"எப்ப முடியும் எண்டு தெரிஞ்சாத்தான் அம்மா அது நேத்தி. முடிக்கிற நேரமே இல்லாட்டி அது பட்டினி."

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ தூரத்தில் ஷெல் விழுந்தது, அதற்கும் அவள் அசையவில்லை. பிறகு கோப்பையை மடிக்கு இழுத்தாள். ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"அப்ப அவன் வரமாட்டான்" என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. நான் கறிச்சட்டியை எடுத்துவந்து அவள் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.

"புளி காணாது" என்றாள் அம்மா. அடுத்த பிடியை எடுத்தாள்.